எழுதியிருக்கிறதைப் படி

அத்தியாயம் 14

முதலில் ஒரு விஷயம். "கண்ணாடியை ஒளித்து வைத்த அந்த மருமகள் உருப்படுவாளா?" என்று கேட்டு இந்த வாரம் வந்த கடிதங்கள் மேசை கொள்ளவில்லை. ஒருவர் சிவப்பு மையில் எழுதி, அடியில் இரண்டு கோடு வேறு போட்டிருந்தார். கொஞ்சம் பொறுங்கள். அவளுக்கும் நெஞ்சு என்று ஒன்று இருக்கிறது. அது நாற்பது நாளாக ஒழுங்காக அடிக்கவில்லை.

பாதியில் வந்து உட்காருகிறவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். கணவர் போன பிறகு முப்பது வருஷம் தனி ஆளாக எட்டு பஸ் ஓட்டிய அம்மாள் ஒருவர். கண்டக்டர் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஷெட் வாசலில் நிற்பார் என்பதால் டிரைவர்கள் வைத்த பெயர் விசிலம்மா. ஐம்பது நாளைக்கு முன் ஷெட்டில் கொட்டிக் கிடந்த எண்ணெயில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது, மூக்குக்கண்ணாடி நொறுங்கியது. ஆபரேஷன் மேசையில் இதயமும் தன் பங்குக்கு முரண்டு பிடித்தது. "அதிர்ச்சியான விஷயம் எதுவும் அவங்க காதுக்குப் போகக்கூடாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவர் அப்படிச் சொன்ன வாரம்தானா அது நடக்க வேண்டும்? டிரைவர்களில் ஐந்து பேர் ஒரே நாளில் பெரிய கம்பெனி ஒன்றில் சேர்ந்துவிட்டார்கள். வண்டிகள் ஷெட்டில் நின்றன. மூத்த மகன் தலையைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்தான். பிறகு தன் பெயரில் இருந்த ஏழு வண்டிகளையும், ரூட்டோடு, அதே கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டான். அம்மாவிடம் சொல்லவில்லை. நாற்பத்திரண்டு வயதாகிறது, "என்னால முடியலைம்மா" என்று சொல்ல அவனுக்கு இன்னும் வாய் வரவில்லை.

ஆகவே, ஓடாத வண்டிகளுக்குத் தினமும் டிரிப் ஷீட் எழுதுவது அவன் மனைவியின் வேலை ஆயிற்று. எந்த வண்டி எப்போது கிளம்பியது, யார் ஓட்டினார், எப்போது போய்ச் சேர்ந்தது என்று எழுதி, மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பாள். கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் இரண்டு வரிசை ஆணி அடித்த பலகை ஒன்று உண்டு. வண்டிக்கு ஒரு தகரத் தகடு. மேல் ஆணியில் மாட்டினால் வண்டி ரோட்டில், கீழ் ஆணியில் மாட்டினால் ஷெட்டில். அவள் படித்துக்கொண்டே ஒவ்வொரு தகடாக மேலே ஏற்றுவாள். மாமியார் படுத்தபடி தலையாட்டுவார்.

புதுக் கண்ணாடி வந்து இரண்டு வாரம் ஆகிறது. ரூட் கைமாறிய அறிவிப்பு செய்தித்தாளில் வந்த நாளிலிருந்து அது பீரோவில் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது.

மிச்சம் இருப்பது, ஷெட்டில் ஓடாமல் நிற்கும் ஒன்றாம் நம்பர் வண்டி. விசிலம்மா முதன்முதலில் வாங்கியது, அவர் பெயரிலேயே இருப்பது. இன்று ஞாயிறு, மாலை ஐந்து மணிக்கு மகன் அதையும் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கும் படிவத்தோடு வருவான். இன்ஷூரன்ஸ் தாள் என்று சொல்லிக் கையெழுத்து வாங்குவதாகத் திட்டம். எங்கே போட வேண்டும் என்று விரல் வைத்துக் காட்ட வேண்டியவள் மருமகள்.

காலையிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு மணிக்கு மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். விசிலம்மாவின் மகளைக் கட்டியவர், பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். நல்ல மனிதர், ஆனால் ஓட்டை வாய். அதனால் வீட்டு ரகசியம் அவருக்கு மட்டும் தெரியாது. மாமியாரும் அவரும் சண்டைப் படம் என்றால் உயிரை விடுவார்கள்.

"இன்னிக்கு ஒரு உசத்தியான படம் அத்தை. வெளிநாட்டுக்காரன் எடுத்தது. ஒரு சர்வாதிகாரியோட கடைசிப் பத்து நாள்."

"தமிழ்ல பேசுவானா?"

"அவங்க பாஷையிலதான் பேசுவாங்க. கீழே தமிழ்ல எழுத்து ஓடும்."

"எனக்கு எழுத்து எங்க தெரியுது? ஆளு தெரியும், மூஞ்சி தெரியும், எழுத்துன்னா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. அந்தக் கண்ணாடிக் கடைக்காரனுக்கு என் மேல என்ன வர்மமோ."

மருமகள் ஜன்னல் திரையைச் சரிசெய்வதுபோல் திரும்பிக்கொண்டாள்.

"அக்கா படிக்கட்டுமே," என்றார் மாப்பிள்ளை. "தினம் டிரிப் ஷீட் படிக்கறாங்க, படத்தைப் படிக்க மாட்டாங்களா?"

"அதுவும் சரிதான். வாம்மா, இப்படி வந்து உக்காரு." விசிலம்மா கழுத்து விசிலைக் கையில் எடுத்துக்கொண்டார். "மாப்பிள்ளை, ஒரு விசில்னா நிறுத்திடுங்க. ரெண்டு விசில்னா போகலாம். பஸ்ஸுக்கு என்னவோ அதேதான்."

இரண்டு விசில் ஊதினார். படம் கிளம்பியது.

முதல் அரைமணி நேரம் மருமகளுக்குச் சுகமாகவே போயிற்று. பூமிக்கு அடியில் நீளநீளமான அறைகள். குண்டு விழும்போதெல்லாம் கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்கிறது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு, சளி பிடித்த மூக்கோடு ஒரு கிழவன். அவன்தான் நாட்டையே ஆட்டிப் படைத்தவன். அவள் கீழே ஓடுகிற வரிகளைக் குரல் மாற்றிக்கூடப் படித்தாள். மாமியார் ரசித்துக் கேட்டார்.

"இவனுக்கா இவ்வளவு பேர் பயந்தாங்க? இவன் மூக்கையே இவனால அடக்க முடியலை."

பிறகு அந்தப் பெரிய மேசை வந்தது. மேசை முழுக்கத் தேசப்படம். அதன் மேல் சின்னச் சின்ன மரக்கட்டைகள், கட்டைக்கு ஒரு படை. கிழவன் ஒவ்வொரு கட்டையாக நகர்த்துகிறான். இதை இங்கே கொண்டுவா, அதை அங்கே அனுப்பு என்கிறான். சுற்றி நின்ற தளபதிகள் "ஆகட்டும் ஐயா" என்கிறார்கள்.

மருமகளின் பார்வை தானாகச் சுவர்ப் பலகைக்குப் போயிற்று. எட்டுத் தகடும் மேல் ஆணியில் தொங்கின. இன்று காலையில் அவள் கையால் ஏற்றியவை.

அடுத்து டெலிபோன் அறை. ஓர் இளைஞன் காதில் கருவியை வைத்துக்கொண்டு "வந்துவிடுவார்கள், ஐயாவிடம் சொல்கிறேன்" என்று பேசிக்கொண்டிருக்கிறான். கேமரா மெல்லக் கீழே இறங்குகிறது. கம்பி அறுந்து தரையில் கிடக்கிறது. அவன் யாருமே இல்லாத முனையோடு பேசிக்கொண்டிருக்கிறான்.

"யார்கிட்ட பேசறான்?" என்றார் விசிலம்மா.

"தளபதிகிட்ட அத்தை."

மாப்பிள்ளை அவளைத் திரும்பிப் பார்த்தார்.

மறுபடி அந்த மேசை. கிழவன் ஒரு கட்டையைத் தொட்டு, ஒன்பதாம் படை எப்போது வரும் என்று கேட்கிறான். தளபதிகள் குனிந்து தங்கள் பூட்ஸைப் பார்க்கிறார்கள். கடைசியில் நரைத்த மீசைத் தளபதி ஒருவர் முன்னால் வந்து, வெகுநேரம் பேசுகிறார். கீழே எழுத்து ஓடியது.

அவள் அதைப் படித்தாள், மனதுக்குள். வாய் வேறு ஒன்றைச் சொல்லியது.

"ஒன்பதாம் படை வந்துக்கிட்டே இருக்கு ஐயா. காலையில வந்துடும்."

"அக்கா, அங்க அப்படி இல்லையே," என்றார் மாப்பிள்ளை. "அவர் சொல்றது என்னன்னா..."

"தம்பி, சர்க்கரை தீர்ந்துபோச்சு. அத்தைக்கு டீ நேரம். முனைக்கடை வரைக்கும் போயிட்டு வந்துடறீங்களா?"

"படம் நல்ல இடத்துல..."

"நிறுத்தி வைக்கறேன். போயிட்டு வாங்க."

அவள் குரலில் என்ன இருந்ததோ, வாத்தியார் மறுபேச்சில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். படி இறங்கும் சத்தம் அடங்கியது.

அப்போது விசில் ஒருமுறை ஊதியது.

அவள் ரிமோட்டை அழுத்தினாள். திரையில் கிழவன் மேசை விளிம்பைப் பிடித்தபடி நாற்காலியில் சரிந்த நிலையில் உறைந்தான்.

"இவன் ஏன் இப்படி உக்காந்திருக்கான்?"

"யாரு அத்தை?"

"கிழவன்தான். படை காலையில வந்துடும்னு நீதானே படிச்சே. நல்ல சேதி கேட்டவன் இப்படியா சரிஞ்சு உக்காருவான்? பக்கத்துல நிக்கறவனுங்க எதுக்குப் பூட்ஸையே பார்த்துக்கிட்டு நிக்கறானுங்க?"

"ராத்திரியெல்லாம் தூங்கலை அத்தை. களைப்பு."

"அதுவும் எழுதியிருக்கா?"

அவள் ரிமோட்டை முந்தானையால் துடைத்தாள்.

"அவன் மூச்சு முட்டப் பேசினான், நீ ஒண்ணரை வரியில முடிச்சுட்டே. எனக்கு எழுத்துதான்மா தெரியலை. முப்பது வருஷம் டிரைவர் மூஞ்சியைப் பார்த்தே வண்டிக்கு என்ன ஆச்சுன்னு கண்டுபிடிச்சவ நான்." விசிலம்மாவின் குரல் உயரவே இல்லை. "பின்னால தள்ளு. எழுதியிருக்கிறதைப் படி."

இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். நாற்பது நாளில் எத்தனை சொன்னவள். ஆனால் அந்தக் கணத்தில் அவளுக்கு ஒன்றுமே தோன்றவில்லை, அதுதான் உண்மை. பின்னால் தள்ளினாள். தளபதி மறுபடி முன்னால் வந்தார். அவள் படித்தாள்.

"ஒன்பதாம் படை என்று ஒன்று இல்லை, ஐயா. பத்து நாளாக இல்லை. உங்களிடம் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை."

விசிலம்மா திரையைப் பார்க்கவில்லை, சுவரில் தொங்கிய தகடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவனுக்குப் பத்து நாள்," என்றார். "எனக்கு எத்தனை நாள்?"

மருமகள் ரிமோட்டைக் கட்டிலில் வைத்தாள்.

"சரி, வேற ஒண்ணு கேக்கறேன். என் கண்ணாடி கடையில இருக்கா, இந்த வீட்டுலயே இருக்கா?"

அவள் எழுந்து பக்கத்து அறைக்குப் போனாள். பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு அடியில் கையை விட்டாள். பெட்டி கையில் பட்டபோது, இதைக் கொடுத்தால் நாற்பது நாள் பொய்யும் ஒரே அடியாகக் கொட்டிவிடும் என்று தெரிந்தது. கொடுக்காமல் இருந்தால் ஐந்து மணிக்கு அந்தத் தாளில் விரல் வைக்க வேண்டியிருக்கும் என்பதும் தெரிந்தது. டாக்டர் சொன்னது காதில் ஒலித்தது. பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, மாமியார் கையில் வைத்துவிட்டு, அவர் மூச்சையே கவனித்தபடி நின்றாள்.

விசிலம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முதலில் பார்த்தது மருமகளைத்தான்.

"இளைச்சுட்டே," என்றார். "கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு. சாப்பிடறியா இல்லையா?"

அவ்வளவுதான். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னாள். டிரைவர்கள் போனது, ஏழு வண்டி போனது, ஐந்து மணிப் படிவம், அவள் வைக்க வேண்டிய விரல். எதையும் விடவில்லை.

விசிலம்மா கடைசிவரை கேட்டார். ஒருமுறை மட்டும் நெஞ்சில் கையை வைத்தார். அவள் பதறி எழுந்தபோது, "ஒண்ணுமில்லை, உக்காரு. இது டாக்டர் சொன்ன நெஞ்சு வலி இல்லை," என்றார்.

பிறகு விசிலம்மா விரல் விட்டு எண்ணினார்.

"நாற்பது நாள். எட்டு வண்டி. ஒரு பஞ்சர் இல்லை. ஒரு டிரைவருக்கு ஜுரம் வரலை. சில்லறை இல்லைன்னு ஒருத்தன்கூட கண்டக்டர்கிட்ட சண்டை போடலை. முப்பது வருஷத்துல எனக்கு அப்படி ஒரு நாள்கூட அமைஞ்சதில்லைம்மா. முதல் வாரம் உன் சாமர்த்தியம்னு நினைச்சேன். ரெண்டாவது வாரம் கடவுள் கண்ணைத் திறந்துட்டார்னு நினைச்சேன்."

"அப்புறம் அத்தை?"

"அப்புறம் நினைக்கறதையே விட்டுட்டேன். கேட்டா நீ என்ன சொல்வியோன்னு பயம்." அவர் திரையில் சரிந்து கிடந்த கிழவனைப் பார்த்தார். "இந்தப் பாவிக்கும் எனக்கும் இதுல வித்தியாசம் இல்லை போல இருக்கு."

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க."

"சரி, நீ சொல்லு. நான் செத்துடுவேன்னு பயந்தீங்களா, திட்டுவேன்னு பயந்தீங்களா?"

மருமகள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இன்றைக்கு இனிமேல் பொய் சொல்லத் தெம்பில்லை.

"ரெண்டுக்கும்தான் அத்தை."

"அவனுக்கு?"

"அவருக்கும் ரெண்டும்தான். எது பெருசுன்னு அவரைத்தான் கேக்கணும்."

விசிலம்மா வறண்ட சிரிப்பு ஒன்று சிரித்தார். அதில் வருத்தம்தான் அதிகம் இருந்தது.

"வண்டி போனா போகட்டும். தகரமும் டயரும்தானே. டிரைவர் இல்லாம அவன் மட்டும் என்ன பண்ணுவான்? எனக்கு வலிக்கறது அது இல்லை. நான் பெத்தவன் என் முன்னால நின்னு நிஜத்தைச் சொல்ல முடியாதபடி நான் இருந்திருக்கேன். அதுதான் வலிக்குது."

அவள் ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். "அப்படியெல்லாம் இல்லை அத்தை" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாமியாரும் அதைக் கவனித்தார்.

கீழே செருப்புச் சத்தம் கேட்டது. விசிலம்மா சட்டென்று கண்ணாடியைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்தார். அவர் முகத்தில் வந்த மாற்றத்தைப் பார்த்து மருமகள் அசந்துபோனாள். ஷெட் வாசலில் நிற்கும்போது இருக்கும் முகம் அது.

"கேளு. அவன் வரட்டும். நீ வழக்கம்போல டிரிப் ஷீட் படி. எட்டு வண்டியும் ஓடட்டும். நான் அவனை மூணு தடவை கேப்பேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நிஜத்தைச் சொல்லிட்டான்னா போதும், ஒண்ணாம் நம்பரையும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுவேன்."

"சொல்லலைன்னா?"

"அதை அப்புறம் பார்த்துக்கலாம். நீ ஜாடை கீடை காட்டக்கூடாது. காட்டினா எனக்குத் தெரிஞ்சுடும். கண்ணாடி இல்லாமலே."

மாப்பிள்ளை சர்க்கரையோடு உள்ளே நுழைந்தார். டீ வந்தது. மாமியார் இரண்டு விசில் ஊதி, மிச்சப் படத்தை நடுவில் நிறுத்தாமல் பார்த்தார். மருமகள் எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே படித்தாள். மாப்பிள்ளைக்கு ஏதோ புரியாத மாதிரி இருந்தது, ஆனால் படம் நன்றாக இருந்ததால் விட்டுவிட்டார்.

"மாப்பிள்ளை, அவன்கிட்ட பொய் சொன்னவனுங்களெல்லாம் கடைசில என்ன ஆனானுங்க?"

"பாதிப் பேர் ராத்திரியோட ராத்திரியா ஓடிட்டாங்க அத்தை. மீதிப் பேர் அங்கேயே அவன் பக்கத்துல நின்னாங்க."

"ம்," என்றார் விசிலம்மா.

மனைவியை அழைத்துவர வேண்டும் என்று நாலரை மணிக்கு மாப்பிள்ளை கிளம்பினார். ஐந்து அடிக்கச் சில நிமிஷம் இருக்கும்போது வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது.

மகன் கையில் பழுப்பு உறையோடு வந்தான். வெயிலில் அலைந்த முகம். அம்மாவின் காலடியில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டான். அதைப் பார்க்க மருமகளுக்குத் தாங்கவில்லை. பொய் சொல்கிறவனே தவிரப் பாசம் இல்லாதவன் இல்லை.

"சாயங்கால ஷீட்டைப் படிம்மா," என்றார் விசிலம்மா.

அவள் படித்தாள். ஒன்றாம் நம்பர், சரியான நேரம். இரண்டாம் நம்பர், சரியான நேரம். எட்டு வரை படித்து முடித்துத் தாளை மடியில் வைத்தாள்.

"எல்லாம் ஓடுதாடா?" என்று மகனைக் கேட்டார்.

"ஓடுதும்மா. நீ நிம்மதியா இரு."

ஒன்று, என்று எண்ணினாள் மருமகள். இன்னும் இரண்டு இருக்கிறது. சொல்லிவிடேன் என்று அவளுக்குள் ஒரு கெஞ்சல் எழுந்தது. தலையைக் குனிந்து தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விசிலம்மா பேச்சை மாற்றுவதுபோல் ஊரில் மழை உண்டா, ஷெட் கூரை ஒழுகுகிறதா என்று என்னென்னவோ விசாரித்தார். நடுவில், போகிறபோக்கில் கேட்டார். "ஏழாம் நம்பர் கிளட்ச் இழுத்துக்கிட்டே இருந்துதே, சரி பண்ணியா?"

"பண்ணிட்டேம்மா. இப்ப சும்மா வெண்ணெய் மாதிரி போகுது."

இரண்டு.

உறையிலிருந்து தாள் வெளியே வந்தது. "இன்ஷூரன்ஸ்மா. ஒரு கையெழுத்து." அவன் பேனாவைத் திறந்து அம்மாவின் விரல்களுக்கு இடையில் வைத்தான். மனைவியைப் பார்த்தான். அவள் விரலைக் கொண்டுபோய்த் தாளின் அடியில் வைத்தாள். அந்த விரல் அவளுடையதுபோலவே இல்லை.

விசிலம்மா பேனாவைத் தாளின் மேல் நிறுத்தினார். எழுதவில்லை.

"என் ஒண்ணாம் நம்பர் எப்படிடா இருக்கா? நிஜமா சொல்லு. நான் திட்ட மாட்டேன்."

மகன் வாயைத் திறந்தான், மூடினான். வந்துவிட்டது, வந்துவிட்டது என்று மருமகள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவன் தலை மெல்லக் குனிந்தது. தன் செருப்பைப் பார்த்தான்.

"நல்லா ஓடிக்கிட்டிருக்காம்மா," என்றான்.

பேனா கட்டிலில் உருண்டது. விசிலம்மாவின் கை கழுத்துக்குப் போயிற்று.

விசில் ஒருமுறை ஊதியது. மருமகள் விரலை எடுக்காமல் இரண்டாவதற்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை.